பொட்டு வைத்த இறக்கை

கத்தி துணிக்குள் இறங்கியதும் தண்ணீர்தான் முதலில் வந்தது. கறுத்த நீர், ஊறிய மரத்தின் வாடை. கம்பெனி விமானத்தின் கீழ் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த நாகையா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுங்கை பீசி விமானத் திடலில் அந்த வாரம் மழையே இல்லை.

தை பிறந்த பிறகுதான் விமானத்தை முழுக்கப் பிரித்துப் பழுது பார்ப்பதாகத் திட்டம். ஆனால் இறக்கைக்கான துணியும் மரமும் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். இப்போதே ஆர்டர் போனால்தான் அதற்குள் வந்து சேரும். எவ்வளவு மரம் தேவைப்படும் என்று பார்க்க, இறக்கையைப் போர்த்திய துணியை உள்ளங்கை அகலத்துக்கு அறுக்கச் சொல்லியிருந்தார், விமானத்தை ஓட்டும் வெள்ளைக்காரத் துரை. பார்த்துவிட்டு ஒட்டுப் போட்டால் அவர் மதியம் பினாங்குக்குப் பறந்துவிடுவார்.

"என்னண்ணே, மரம் வேணாம்னு எழுதிரவா?" ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி செபாஸ்டியன் பெட்டி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "பொண்டாட்டிய விட இதத்தான நல்லாப் பாத்துக்கிறீங்க. துணி மட்டும் போதும் லா."

நாகையா அறுத்த இடத்துக்குள் கையை விட்டார். இறக்கையின் நீளத்துக்கு ஓடும் மரச்சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். காப்பியில் நனைந்த ரொட்டிக்குள் போவதுபோல் நகம் முழுக்க உள்ளே போனது. தவறான இடத்தைத் தொட்டுவிட்டவர்போல் சற்றுத் தள்ளி அழுத்தினார். அங்கேயும் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை துரை வேலையாட்களின் வீட்டாரை ஒவ்வொருவராக ஏற்றிச் சுற்றிக் காட்டினார். நாகையாவின் மனைவி தனலெட்சுமியும் முந்தானையை இறுகச் சுற்றிக்கொண்டு ஏறினாள். இறங்கி வந்து, "பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம கூரையில காயப்போட்ட மொளகா தெரிஞ்சிச்சுங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளைத் தாங்கியது இந்தச் சட்டம்தான்.

தண்ணீர் எப்படித் தங்கியது? உள்ளே இறங்கும் மழை வடிவதற்கென்றே இறக்கையின் அடியில், பின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, பித்தளை வளையம் போட்டவை. படுத்தபடியே தலையைத் திருப்பினார். ஒரு வளையமும் தெரியவில்லை. ஒவ்வொன்றின் மேலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

விமானம் வந்த வருஷத்திலிருந்து ஆயுத பூசைக்கு அதற்குப் பொட்டு வைப்பது தனலெட்சுமிதான். வரிசையாக இருந்த வளையங்கள், பொட்டுக்கென்றே அமைத்தவைபோல் அவள் கண்ணுக்குப் பட்டிருக்கும். அவள் வைத்தாள், இவர் காத்தார். கழுவ வரும் ஆட்களிடம், "பொட்டத் தேய்க்காதீங்கப்பா, அது தானா உதிரணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது இவர் வாய்தான். அது உதிரவில்லை. அடுத்த பூசையில் அதன் மேலேயே இன்னொன்று ஏறியது. துளை எதற்கென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பொட்டுக்கு அடியில் துளை இருக்கிறது என்பதுதான் ஒருநாளும் நினைவில் தட்டவில்லை.

கார் வந்து நின்றது. துரை பையோடு இறங்கினார்.

செபாஸ்டியன் குனிந்து பார்த்தான். ஆடிய கால் நின்றுவிட்டது. "அண்ணே, மொதல்ல அத எல்லாம் சொரண்டிருங்க. மழத் தண்ணின்னு சொல்லிக்கலாம். இல்லேன்னா வேலையும் போயிரும், அக்கா பேரும் கெட்டுரும்."

"தொரே!" நாகையாவின் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "ஏறாதீங்க. இங்க வந்து பாருங்க."

துரை மண்டியிட்டார். அவர் விரலும் மரத்துக்குள் போனது. இழுத்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போன ஞாயிறு கடைசியாக ஏறியது துரையின் மகள்.

"தண்ணி ஏன் வெளிய போகலே?" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

நாகையா மறுபக்க இறக்கைக்கு அடியில் நகர்ந்து, முதல் பொட்டின்மேல் கட்டைவிரலை வைத்தார். இதுவரை எந்தப் பொட்டையும் அழிக்காத விரல் அங்கேயே தயங்கியது. பிறகு அழுத்தித் தேய்த்தார். காய்ந்த சந்தனம் பொருக்காக உடைந்து விழுந்தது. உள்ளே தேங்கியிருந்த நீர் குங்குமம் கரைந்து சிவப்பாக அவர் மணிக்கட்டில் இறங்கி, சட்டைக் கைக்குள் ஓடியது. அது நிற்கவே இல்லை.