றோசம்மாவின் வெறுந்தேத்தண்ணி

1984ஆம் ஆண்டு தவக்காலத்தில், யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துக் கரம்பொன்னில், றோசம்மா என்ற கைம்பெண்ணின் இடது கையினூடாக, அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய திருக்குடும்பப் படம் தெரியத் தொடங்கியது. அதே கிழமை மண்ணெண்ணெய் விலை ஏறியதால் ஊர் மண்ணெண்ணெயைப் பற்றித்தான் கூடக் கதைத்தது. முதலில் சூசையப்பர் மட்டும் தெரிந்தார். மாதாவும் பாலனும் அவளுடைய முழங்கைக்கு மேலே இருந்ததால் மறைவாகவே இருந்தார்கள். ஆவணி பிறக்கு முன் அவர்களும் தெரிந்துவிட்டார்கள்.

அவளுடைய புருசன் அருளப்பு குருநாகலில் லியோன் முதலாளியின் புடைவைக் கடையில் வேலைக்கு நின்றவன். பெயர்ப்பலகையில் 'லியோன் அன் சன்ஸ்' என்று போட்டிருந்தது. லியோனுக்குப் பிள்ளைகள் இல்லை. பலகைக்குப் பிள்ளை எதற்கு, சேலை எடுக்க வருகிறவளுக்கு நம்பிக்கை வந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. 1983 ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. லியோன் அகதிக் கப்பலில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார், அருளப்பு வரவில்லை. இறங்குதுறையில் நின்ற றோசம்மாவிடம், சனத்துக்குள்ளே தவறிப்போனான் என்று லியோன் சொன்னார். நடந்துகொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அவளுக்கு முன்னால் அவர் ஒரு நாளும் கதிரையில் இருந்ததில்லை.

வந்த வருசமே லியோன் புனித மார்த்தாள் சபைக்குத் தலைவரானார். சபைக்காரர் ஞாயிறு பூசை முடிய ஒன்றுகூடிச் செபமாலை சொல்லுவார்கள், வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்து அது தங்களோடு என்ன பேசியது என்று ஆளுக்கொரு தரம் சொல்லுவார்கள், பிறகு அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு ஏழை வீடுகளுக்குப் போவார்கள். நீதிக்காக மனுவும் எழுதுவார்கள். எழுதுவது செயலாளர் மரிசலீன் ரீச்சர். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும், எந்த மனுவுக்கும் பதில் வந்ததில்லை. சபைக்கு ஒரு விதி இருந்தது: உதவி கொடுக்கும் வீட்டில் பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிக்கக்கூடாது, ஏழைக்குப் பாரமாக இருக்கக்கூடாது. சாதி என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. இப்படி ஒரு விதி கையில் இருக்கும்போது அந்தச் சொல்லுக்கு என்ன தேவை.

சுற்றில் முதல் வீடு றோசம்மாவுடையது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் கதிரையைத் துடைத்துப் போட்டு, தகரப் பேணியில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஊற்றி, பனங்கட்டித் துண்டும் வைத்துக்கொண்டு நிற்பாள். அருளப்பு உயிரோடிருந்தபோது அவளுக்குச் சொன்ன கடைத் தந்திரம் அது. வந்தவளின் கையில் ஒரு தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டால் அவள் இருக்க வேண்டும், இருந்தால் கதைக்க வேண்டும், கதைத்தால் வெறுங்கையோடு எழும்ப மாட்டாள். றோசம்மாவுக்குச் சேலை விற்கிற எண்ணமில்லை. லியோன் ஒரு பேணி குடித்து முடிக்கிற நேரம் இருந்தால், அருளப்பு எப்படிச் செத்தான் என்று கேட்டுவிடலாம். இதில் ஒரேயொரு சிக்கல், அந்தத் தந்திரத்தை அருளப்புவுக்குப் படிப்பித்தவரே லியோன்தான். ஆகையால் அவர் முற்றத்திலேயே நின்று பார்சலைக் கதிரையில் வைத்துவிட்டு, "வேண்டாம் றோசம்மா, இப்பதான் குடிச்சனாங்கள்" என்று பேணியைப் புறங்கையால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். தள்ளிய ஒவ்வொரு பேணிக்கும் அவள் ஒரு பிடி மங்கினாள்.

இதற்கு ஊரில் பல விளக்கங்கள் இருந்தன. மரிசலீன் ரீச்சர் இது வரப்பிரசாதம் என்றார், நோன்பிருக்கிறவர்களுக்கு வரும் என்றார். ஆசுபத்திரியில் இரத்தம் போதாது என்று இரும்புக் குளிசை கொடுத்தார்கள். குளிசை தொண்டையால் இறங்கி வயிற்றில் கரைவதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் நின்று பார்த்தார்கள், அது முடிய வேறு வேலை பார்க்கப் போனார்கள். றோசம்மாவுக்குக் காரணம் தெரியும். தேத்தண்ணி போடுவதை நிறுத்தியிருந்தால் அவள் பாதி உடம்போடாவது மிஞ்சியிருப்பாள். ஆனால் எந்த ஞாயிறு போடாமல் விடுகிறோமோ அந்த ஞாயிறுதான் அவர் குடிப்பார் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்ட ஒருத்திக்கு ஆரும் புத்தி சொல்ல ஏலாது. 1985இல் பூசையில் சுவாமி நன்மை அப்பம் கொடுக்கும்போது அவளைக் காணாமல் தாண்டிப் போனார். அவள் நாக்கை நீட்டியபடி முழங்காலில் நின்றாள், பிறகு வாயை மூடிக்கொண்டு எழும்பி வந்தாள்.

1986 ஆடியில், கடை எரிந்ததன் மூன்றாம் வருச நினைவுக்கு, சபை ஒரு நீதி நாள் வைத்தது. அருளப்புவின் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, 'எங்கே எங்கள் சகோதரன்?' என்று கீழே எழுதினார்கள். முன்வரிசையில் ஒரு கதிரையை விதவைக்கென்று விட்டார்கள். றோசம்மா விடியவே வந்து அதில் இருந்தாள். அந்த நேரம் அவளுடைய சீத்தைச் சேலையும் அவளோடு சேர்ந்து மங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பேச வந்த பெரியவர் தன்னுடைய தோல் பையை அவளுடைய மடியில் வைத்துவிட்டு மேடைக்கு ஏறி, இந்தக் கதிரை வெறுமையாக இருப்பதே நமது காலத்தின் சாட்சி என்றார். சனம் கைதட்டியது. லியோன் கண்ணைத் துடைத்தார். பேச்சு முடியுமட்டும் றோசம்மா பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விழுந்தால் உள்ளே ஏதும் உடைந்துவிடும் என்ற பயத்தில். வெளியே வரும்போது மரிசலீன் ரீச்சர் லியோனிடம் சொன்னார்: "பாருங்கோ அண்ணை, அவளுக்காண்டித்தானே இவ்வளவும் செய்தனாங்கள். ஒருக்கா வந்து தலையைக் காட்டக் கூடாதே? நன்றி கெட்ட சனம்." றோசம்மா அப்போது அவருக்குப் பக்கத்தில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

1990 ஆவணியில் படையினர் தீவுகளில் இறங்கினார்கள். ஊர் கடற்கரைக்கு ஓடியது. சபை அக்கரையில் அராலிப் பக்கம் போக ஒரு வள்ளம் பிடித்திருந்தது. றோசம்மாவும் ஏறி முன்பக்க அணியத்தில் இருந்தாள். வள்ளக்காரன் பார்த்தான், அணியத்தில் இடம் கிடந்தது, ஒரு தாய் ஆட்டைத் தூக்கி அங்கே வைத்தான். ஆட்டுக்கு அவள் தெரிந்தாளோ என்னவோ, நன்றாகவே முட்டியது. அவள் முழங்கால் தண்ணியில் விழுந்தாள், எழும்பி நின்று வள்ளம் போவதைப் பார்த்தாள், சேலையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். லியோனும் அந்த வள்ளத்தில் ஏறியவர்தான். வீட்டுக் கோடியில் மண்ணுக்குள் தாட்டுவைத்த நகைப்பெட்டி ஞாபகம் வர, இந்தா வாறன் என்று இறங்கி ஓடினார். பெட்டியோடு திரும்பும்போது வள்ளம் இல்லை, தெருவில் படை நின்றது. கண்ணில் பட்ட முதல் வீட்டுக்குள் பாய்ந்தார். ஏழு வருசமாக முற்றத்தோடு திரும்பிய வீடு அது.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அவருடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. கிணறு தெருக்கரையில், தெருவில் துவக்குக்காரர், மேலே ஹெலிகொப்டர். ஆனாலும் அந்தக் கிணற்று வாளி தன்பாட்டில் இறங்கி ஏறியதை அவர் யன்னல் நீக்கலால் பார்த்தார். துவக்குக்காரரும் பார்த்தார்கள். காற்று என்று நினைத்தார்கள்.

"றோசம்மாவே?" என்று வெறும் குசினியைப் பார்த்துக் கேட்டார். "நீர் போகேல்லையே?"

"போனனான். ஆட்டுக்கு இடமிருந்தது."

"கொஞ்சம் தண்ணி தாரும் பிள்ளை. உயிர் போகுது."

"தண்ணி இல்லை முதலாளி. தேத்தண்ணிதான் இருக்கு."

லியோன் கதிரையைப் பார்த்தார். வேறொருவன் தன்னுடைய கடையில் இப்படி ஒரு பிடி பிடித்திருந்தால் அவனுக்குச் சம்பளம் கூட்டியிருப்பார். கதிரையில் இருந்தார். பேணி ஆளில்லாமல் காற்றில் வந்தது, வாங்கி ஒரே இழுவையில் குடித்தார். பேணியை நீட்டியிருந்த இடத்தில் ஐந்து விரல் நுனிகள் தெரிந்தன.

"இனிச் சொல்லுங்கோ. அவருக்கு என்ன நடந்தது?"

"அண்டைக்கே சொன்னனான்தானே. சனத்துக்குள்ளை தவறிப்போட்டான்."

விரல் நுனிகள் அணைந்தன. "இது பழைய சரக்கு முதலாளி. வேறை எடுத்துப் போடுங்கோ."

இரண்டாம் பேணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். கடைக்குள்ளே இரண்டு பேரும் நின்றதாகவும், சத்தம் கேட்டதும் அருளப்பு பின்கதவால் ஓடியதாகவும் சொன்னார். முதற்பாதி சொல்லும்போது மணிக்கட்டுவரை ஒரு கை வந்தது. பிற்பாதியில் பாதி திரும்பிப் போனது.

"ஓடினவரோ? எந்தப் பின்கதவாலை? பின்பக்கம் சுவரெண்டு அவர் எனக்குச் சொன்னவர். சாயம் போகுது, முதலாளி."

அவர் தலையைக் குனிந்தார். அவள் அடுப்பை ஊதினாள், தண்ணி கொதிக்குமட்டும் காத்திருந்தாள். "இதுதான் கடைசிப் பேணி. நான் முழுசாத் தெரிஞ்சால் பிறகு கிணத்தடிக்குப் போய் வர ஏலாது. நீர் யோசிச்சுக் குடியும்," என்றாள். அவரை அவள் நீர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பேரம் பேச அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

குடித்தார், சொன்னார். கும்பல் தெருமுனையில் தெரிந்தபோது கடைக்குள்ளே புதிதாக வந்திறங்கிய சேலைக் கட்டுகள் கிடந்தன. கட்டுகளுக்கு இடையில் படுத்திரு, ஆரும் உடைத்தால் சத்தம் போடு என்று அருளப்புவிடம் சொல்லிவிட்டு, தகரக் கதவை இழுத்து வெளியால் ஆமைப்பூட்டுப் போட்டு, முன்வீட்டுச் சிங்களத் தையற்காரனிடம் போய் ஒளித்தார். ஒளிப்பிடத்திலிருந்து கடை நன்றாகத் தெரிந்தது. பூட்டின் திறப்பு அவருடைய மடிக்குள் இருந்தது.

"களவெடுப்பாங்கள் எண்டுதான் நினைச்சனான். சரக்கை எரிப்பாங்கள் எண்டு நினைக்கேல்லை. சரக்கை ஆராவது எரிப்பாங்களே?"

"கூப்பிட்டவரே?"

"ஓம்."

"என்னெண்டு?"

"முதலாளி, திறவுங்கோ எண்டு."

"எவ்வளவு நேரம்?"

அவர் வெறும் பேணிக்குள்ளே குனிந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் ஒரு பெண் நின்றாள். தலை முழுக்க வெள்ளை. கறுத்த தலையோடு மறையத் தொடங்கியவள், ஒருவரும் காணாமல் கிழவியாகியிருந்தாள். யன்னல் வெயிலில் அவளுடைய நிழல் நிலத்தில் ஒரு கரிய சாக்குப்போல விழுந்தது.

"வெளியாலை போகாதையும் றோசம்மா. தெரியுறீர்."

"ஓம். தெரியும்."

அப்போதுதான் லியோனுக்கு விசயம் விளங்கியது. ஆளில்லாத வீடு என்று தெருவில் நிற்கிறவர்கள் விட்டு வைத்திருந்த வீட்டில் இப்போது ஆள் இருந்தது. அவர் வெறும் பேணியைக் கையில் எடுத்து அவள் பக்கமாக நீட்டி, புறங்கையால் தள்ளித் தள்ளி, "வேண்டாம் றோசம்மா, வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லிப் பார்த்தார். ஏழு வருசமாகப் பலித்த வாசகம். இந்தமுறை அவள் ஒரு நகக்கண்ணளவும் மங்கவில்லை. குடித்து முடித்த தேத்தண்ணியை வேண்டாம் என்றால் ஆர் எடுப்பது. பிறகு நகைப்பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் அதை எட்டிப் பார்த்தாள், வடிவாயிருக்கு என்றாள், வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.

படையினர் அவள் ஒரு வாளி அள்ளி முடிக்க முன்னம் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பெரியவன் அரைகுறைத் தமிழில், "அம்மா, வேறை ஆள் இருக்கா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒருவன் நின்று எத்தனையோ வருசம். இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் அங்கே நிற்கவில்லை. அவள் சொன்னது ஓம். லியோனைக் கையில் பேணியோடு கொண்டு போனார்கள். பெட்டியையும் கதிரையையும்கூடக் கொண்டு போனார்கள். பனங்கூடலுக்கு அங்காலே அவரைப் பிறகு கண்டவர் இல்லை.

சபை யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மறுபடி கூடி லியோனுக்காகச் செபமாலை சொன்னது. மரிசலீன் ரீச்சர் அச்சுப்போன்ற எழுத்தில் மனு எழுதினார். தீவில் மிஞ்சிய கிழடுகள், படையினரிடம் பாஸ் எடுத்து ஒரு மட்டுக்குக் கடலுக்குப் போகிற சில தொழிலாளர், காவலரணில் நின்ற படையினர், இவர்கள் மத்தியில் றோசம்மா சீவித்தாள். அன்றிலிருந்து அவள் தெரிவது நிற்கவில்லை. 1991இல் சுவர்களினூடாகத் தெரிந்தாள். அடுத்த வருசம் இருட்டிலும் தெரிந்தாள். பிறகு பக்கத்து ஊர் சுருவிலில் நிற்கிறவனுக்கும், அதற்கும் அங்காலே சாட்டிக் கடற்கரையில் நிற்கிறவனுக்கும், அவள் அடுப்படியில் குந்தியிருப்பதும் நித்திரையில் புரள்வதும் கைக்கெட்டும் தூரத்தில்போலத் தெரிந்தது. கதவைச் சாத்திப் பார்த்தாள், பாயைச் சுற்றிக்கொண்டு பார்த்தாள், கிணற்றுக்குள்ளும் ஒருதரம் இறங்கிப் பார்த்தாள். கிணற்றுக்குள் இருந்ததையும் எல்லாரும் கண்டார்கள், ஒரு கயிறு கொடுத்து ஏற்றினார்கள். முகத்தை மூடி அழ அந்தத் தீவில் அவளுக்கு ஒரு மறைவிடம் இருக்கவில்லை. முதலில் படையினர் கொஞ்சம் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், காவல் மாறும் நேரத்தை அவள் எழும்புவதை வைத்துக் குறித்தார்கள்.

1995இல் தீவுப்பக்கத்துக் கடற்றொழிலாளர் வெளிச்சவீட்டை நம்பவில்லை. அது எரியாமல் விட்டு நாளாகியிருந்தது. மழை இருட்டில் வள்ளம் திரும்பும்போது றோசம்மா எங்கே என்று பார்ப்பார்கள். முற்றத்தில் இருந்தால் நேரே விடலாம், குசினியில் இருந்தால் கொஞ்சம் வலம் பிடிக்க வேண்டும், இடையில் கல் உண்டு.

"இண்டைக்கு என்னடா, தோள் இரண்டும் குலுங்குது?" என்று அணியத்தில் இருந்தவன் ஒருநாள் கேட்டான்.

"அழுகிறா போல," என்றான் சுக்கான் பிடித்தவன். "குசினிக்குள்ளை நிண்டுதான் அழுகிறா. வலத்தைப் பிடி."

வள்ளம் வலத்தே திரும்பி, கல்லில் முட்டாமல் கரை சேர்ந்தது.