வலமாகச் சுற்றிய பட்டறைக்கல்

1881 ஏப்ரலில், அயர்லாந்தின் நாக்ரோ கிராமத்தில், நிலப்பிரபுவின் எஸ்டேட் ஏஜென்ட் ஹக்கெட்டுக்கு அறுபத்திரண்டிலிருந்து வயது குறையத் தொடங்கியது. அந்த வருஷம் உருளைக்கிழங்கு விதைப்பும் சற்றுத் தாமதம்.

காரணம் கொல்லன் ஃபின்டன். செம்மறி மேய நிலம் வேண்டுமென்று, அவனுடைய விதவைத் தங்கை ஒனோராவை மே முதல் தேதி வெளியேற்றிக் கூரையை இடிக்கப்போவதாக ஹக்கெட் அறிவித்திருந்தார். கொல்லன் மூன்று நாள் காலையில், இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லை இடமாகச் சுழற்றி ஒருவன் பெயரைச் சொன்னால் அந்த ஆள் ஒழிந்தான் என்பது அயர்லாந்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயுளில் ஒருமுறைதான் சுழற்றலாம். "சுத்தியல் பிடிக்கிற கையால முன்னுக்குத் தள்ளு" என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா வலது கைக்காரர்; அவர் தள்ளினால் கல் இடமாகச் சுழலும். ஃபின்டன் இடது கைக்காரன். இவ்வளவு சின்ன விஷயத்தை யார் யோசிக்கிறார்கள்? மூன்று காலையும் வியர்க்க விறுவிறுக்க, இடது கையால் தள்ளி, கல்லை வலமாகச் சுழற்றி முடித்தான்.

முதலில் ஹக்கெட்டின் மூட்டுவலி போயிற்று. பிறகு பல் முளைத்தது, நரை கறுத்தது. குதிரைமேல் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

"ஏம்பா, சாபம் விடச் சொன்னா லேகியமா குடுத்த?" என்றார் பன்றி வளர்க்கும் மல்டூன். "என் இடுப்புவலிக்கும் கொஞ்சம் சபிச்சு விடேன்!" பன்றி அடித்தால் தலை கொல்லனுக்கு என்பது ஊர் மரியாதை. அந்த வாரத் தலையை மல்டூனே வேகவைத்துத் தின்றார். ஃபின்டனுக்குத் தங்கை முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

"விடுண்ணே," என்றாள் ஒனோரா, பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே. "உன்னால ஒருத்தராவது நல்லா இருக்காரே."

மே முதல் தேதி இருபது போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஏஜென்ட் வாயைத் திறந்து உத்தரவு கொடுத்தால்தான் கூரையில் கை வைக்கலாம். ஏஜென்ட் வண்டியில் தன் கோட்டுக்குள்ளேயே கிடந்தார், மூன்று மாதக் குழந்தையாக. வாயைத் திறந்தார், அழுதார். அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளலாமா என்று அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒனோரா மூட்டையை அவிழ்த்துக் கிண்ணத்தை எடுத்து ஆட்டுப்பால் புகட்டினாள். ஹக்கெட் தூங்கிப்போனார். மாலைவரை காத்திருந்த போலீஸ்காரர்கள், எழுப்ப மனமில்லாமல் அவரை அவளிடமே விட்டுப் போனார்கள்.

மறுநாள் மல்டூன் இரண்டு பன்றித்தலை கொண்டுவந்தார். இரும்புக்கு அஞ்சும் குன்றடித் தேவதைகள் பிள்ளைகளைத் திருடும் ஊர் என்பதால், ஃபின்டன் தொட்டிலுக்கு இரும்புப் பூண் அடித்தான். ஹக்கெட்டை யாரும் தூக்கிப்போய்விடக் கூடாதே என்று ஊர் கவலைப்பட்டது அதுதான் முதல்முறை. அதன்பின் அவர் வயது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியேற்றம் முடிந்ததா என்று எஸ்டேட் அலுவலகம் ஆண்டுதோறும் ஹக்கெட்டுக்குக் கடிதம் எழுதியது. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒனோரா ஆண்டுதோறும் பதில் எழுதினாள்: "ஏஜென்ட் ஐயா தூங்குகிறார். எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்."