மெயின் நம்பர்

காலையிலிருந்து உத்திராபதியின் கை சட்டைப் பையை விட்டு நகரவில்லை. போன் உள்ளேதான் இருந்தது, சிக்னல்தான் இல்லை. இரண்டு நாளாக அதன் திரையில் ஒரு கோடுகூட எழும்பவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தார். கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். மோட்டார் கொட்டகை மேட்டில் ஏறிக் கையை உயர்த்தியும் பார்த்தார். வானத்தில் மேகம்தான் ஏறிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை சொல்றது மாமா," என்றாள் மருமகள் ஷோபனா. "பழைய நெட்வொர்க்கை மூடிட்டாங்க. அந்த சிம்மும் இந்த பட்டன் போனும் இனிமே வேலை செய்யாது. கடைக்குப் போய் மாத்திட்டு வந்துடுவோம்."

மூடப்போகிறோம், மூடப்போகிறோம் என்று கம்பெனிக்காரன் மாதக்கணக்காகச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். உத்திராபதி அவற்றைப் படிப்பதில்லை. முகம் தெரியாத ஒருவன் தன்னை 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று உறவு கொண்டாடுவது அவருக்குப் பிடிக்காது.

ஆனால் நெல் காத்திருக்குமா? குறுவை அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் குவித்தாகிவிட்டது. எந்த நாளில் யார் நெல்லை எடை போடுவது என்பதற்கு டோக்கன் உண்டு. அது பதிந்து வைத்த போன் நம்பருக்குச் செய்தியாக வரும். செய்தியைக் காட்ட முடியாதவனின் குவியலைத் தாண்டி அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் மழை பிடித்தால் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள். அப்படியே கிடந்தால் முளைத்துவிடும். உத்திராபதி வீட்டு நெல் களத்திலேயே முளைத்துப் போனது என்று குடவாசல் வட்டாரத்தில் ஒருவன் பேச, அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா?

"பதியும்போதே என் நம்பரைக் குடுத்திருக்கலாம்," என்று ஷோபனா முணுமுணுத்தாள். இப்போது மாற்றலாம் என்றால் ஆயுத பூஜை விடுமுறை. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

"இந்த வீட்டு நெல்லு இந்த வீட்டு நம்பர்லதான் போகும்."

அந்த நம்பர் அப்படிப்பட்டது. டிராக்டர் பெட்டியின் முதுகில் எழுதியிருந்தது. இரண்டு பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையிலும் இருந்தது. ஊரில் பாதிப் பேர் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

குடவாசலுக்கு ஷோபனா ஸ்கூட்டியில் போனாள். உத்திராபதி பஸ்ஸில் போனார். மருமகள் வண்டி ஓட்ட, மாமனார் பின்னால் உட்கார்ந்து கடைத்தெருவைக் கடப்பது அவர் வீட்டு வழக்கமில்லை.

கடையில் இருந்த பெண்ணின் பெயர் குந்தவை. கம்பெனி முத்திரை போட்ட சட்டையும், நாள் முழுக்கச் சிரித்தே ஓய்ந்த முகமும்.

"பழைய நெட்வொர்க்ல இருந்து மாறுறவங்களுக்கு ஆஃபர் இருக்குங்கய்யா. மாசாமாசம் பில் கட்டுற ஃபேமிலி பிளான் எடுத்தீங்கன்னா, போன் பாதி விலை. இன்னிக்குத்தான் கடைசி."

"நான் தள்ளுபடி கேட்டேனா?"

"இல்லைங்கய்யா, நாங்களா குடுக்கறது."

"ஏன் குடுக்கறீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருந்தது. "ஒரு வருஷத்துக்கு நீங்க எங்களை விட்டுப் போகக்கூடாதுல்லைங்கய்யா, அதுக்குத்தான்."

"அப்படிச் சொல்லு. அச்சாரம்." அச்சாரம் என்றால் வாங்கலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

மூன்று போன்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதலாவது சட்டைப் பைக்குள் பாதிதான் இறங்கியது. இரண்டாவதன் முதுகு பளபளத்தது. "இது என்ன, மூஞ்சி பாக்குற கண்ணாடியா?" என்று தள்ளி வைத்தார். மூன்றாவது கறுப்பு, அடக்கமான அளவு.

"இதுல வீடியோவும் நல்லா வரும் மாமா," என்றாள் ஷோபனா. "சிங்கப்பூர்லேருந்து அவர் உங்களைப் பாத்தே பேசலாம்."

"என் மூஞ்சியைப் பாத்து அவன் என்ன பண்ணப்போறான்?" என்றார். ஆனால் திரையில் தன் முகம் தெரிந்ததும் கை தானாகப் போய் தலைமுடியை ஒதுக்கியது. "மணிச் சத்தம் களத்துமேட்டுக்குக் கேக்குமா? அத முதல்ல போட்டுக் காட்டு."

குந்தவை அடிக்கவிட்டாள். எதிர் மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உத்திராபதிக்குப் போன் பிடித்துவிட்டது.

"இதையே எடு. சீக்கிரம் முடி. மழை வருது."

அவள் ஒரு சின்னக் கருவியில் அவருடைய போன் நம்பரையும் ஆதார் நம்பரையும் தட்டினாள். அதன் கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கய்யா," என்றாள். அவர் சிமிட்டவில்லை. "மாமா, சிமிட்டுங்க. ஆளு உசிரோட இருக்காரான்னு பாக்கறாங்க," என்றாள் ஷோபனா. ஒரே ஒரு தரம் சிமிட்டினார். கருவி எதையோ யோசித்துச் சிவப்பைக் காட்டியது.

குந்தவை மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. அவள் நெற்றி சுருங்கியது.

"ஐயா, துரைராசுங்கறது யாருங்க?"

உத்திராபதியின் முதுகு நாற்காலியிலிருந்து விலகி நிமிர்ந்தது. பத்து வருஷத்துக்கு மேல் அவர் முன்னால் யாரும் உச்சரிக்காத பெயர் அது.

"இந்த நம்பர் அவரு பேர்லதான் இருக்குங்கய்யா. அவரு நேர்ல வந்தாத்தான் சிம் மாத்த முடியும்."

அப்போதுதான் நினைவு வந்தது. ஊருக்கு டவர் வந்த வருஷம், தம்பி துரைராசு திருவாரூருக்குப் போய் போனும் சிம்மும் வாங்கி வந்து, "அண்ணே, இது உங்களுக்கு," என்று கையில் வைத்தான். யார் பெயரில் வாங்கினாய் என்று அன்று யார் கேட்டார்கள்? வீடு ஒன்றாக இருந்த காலம்.

அப்புறம் ஒரு மாரியம்மன் திருவிழா. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டின் மூத்தவருக்குத்தான் கோயிலில் முதல் பரிவட்டம். அன்று தஞ்சாவூரிலிருந்து உத்திராபதி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நேரமாகிறது என்று பூசாரி பரிவட்டத்தைத் துரைராசுவின் தலையில் கட்டினார். அவனும் குனிந்து கொடுத்தான். 'அண்ணன் வரட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உத்திராபதி கோயில் வாசலில் வந்து இறங்கியபோது, பட்டுத்துணி தம்பியின் தலையில் இருந்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை.

"என் பேருக்கு மாத்திக் குடு," என்றார் குந்தவையிடம்.

"அதுக்கும் அவரு வரணுங்கய்யா. பேர் மாத்த ஒரு வாரம் ஆகும். இன்னொண்ணு, புது சிம் போட்டாலும் ஒரு நாளைக்கு மெசேஜ் வராது. அது ரூல். இன்னிக்குப் போட்டாத்தான் நாளைக்கு உங்களுக்கு மெசேஜ் வரும்."

வெளியே காற்று ஒரு பாலிதீன் பையைத் தெருவோடு உருட்டிக்கொண்டு போனது. உத்திராபதி அதையே பார்த்தார்.

"நான் பேசவா மாமா?"

"நீ எதுக்குப் பேசணும்? நம்பரைப் போட்டுக் குடு இங்க."

ஷோபனா அழைத்துவிட்டு நீட்டினாள். அவள் போனில் 'சின்ன மாமா' என்று பெயர் பதிந்திருந்ததை அவர் கவனித்தார். அதைப்பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

"சொல்லும்மா ஷோபனா," என்றது குரல்.

"நான்தான்."

எதிர்முனையில் ஒரு மாடு கத்தியது.

"யாருங்க?"

"ஏன், குரல் தெரியலையா?"

"தெரியுது. நீங்களா சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன்."

உத்திராபதி பல்லைக் கடித்தார். போனை வைத்துவிடலாம். வைத்தால் நெல்? "உன் பேர்ல ஒரு சிம்மு இருக்காம்."

"இருக்கு, தெரியும். 'உங்க பேர்ல இந்த நம்பரெல்லாம் ஓடுது, வேணாம்னா வெட்டிக்கலாம்'னு கம்பெனிலேருந்து எனக்கு மெசேஜ் வரும். பாத்துட்டு விட்டுடுவேன்."

"ஏன் வெட்டலை?"

"கடைக்கு வரணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

"வா," என்றார். அந்த ஒற்றை எழுத்தைச் சொல்ல அவருக்கு ஒரு மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி மூச்சு வாங்கியது.

பைக்கில் வந்தால் கண்மூடித் திறக்கும் தூரம். ஆனால் அவன் வரவில்லை. உத்திராபதி எழுந்து வாசலுக்கு வந்தார். உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலி சூடாக இருந்தது போல எழுந்தார். கறுப்புப் போன் மேசைமேல் பெட்டிக்குள் படுத்திருந்தது. இத்தனை வருஷம் என் நம்பர், என் நம்பர் என்று ஊரெல்லாம் எழுதி வைத்தோமே, அவன் ஒரு விரலைத் தட்டினால் செத்துப்போகிற நம்பரா அது? அந்த நினைப்பு செருப்பில் ஏறிய முள் மாதிரி நடக்கவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. வேண்டுமென்றேதான் தாமதிக்கிறான். அண்ணனைக் கடைத்தெருவில் உட்காரவைத்து ஊர் பார்க்கட்டும் என்று நினைக்கிறான். மேற்கே இடி ஒன்று உருண்டது.

"போதும். நான் பஸ்ஸுக்குப் போறேன்," என்று தெருவில் இறங்கிவிட்டார்.

"மாமா, இவ்வளவு நேரம் இருந்துட்டு..." என்று ஷோபனா பின்னாலேயே ஓடி வந்தாள்.

நாலு கடை தாண்டுவதற்குள் பைக் ஒன்று எதிரே வந்து நின்றது. துரைராசு. தலை வெளுத்திருந்தது. வேட்டி முழங்கால்வரை சேறு. புருவத்தில்கூட நெல் தூசி.

உத்திராபதி அவனைப் பார்க்காமல் அவன் வண்டியைப் பார்த்துப் பேசினார். "தேர் வர்ற மாதிரி அசைஞ்சு வர்றதுக்கு இவ்வளவு நேரமா?"

"களத்துல படுதா போட்டுட்டு வர்றேன்."

"யாரு நெல்லுக்கு?"

"என் மாப்பிள்ளை நெல்லு உங்க குவியலுக்குப் பக்கத்துலதான் கிடக்கு. அதுக்குப் போட்டேன். படுதா பெருசு. உங்களுதையும் சேத்து மூடிடுச்சு."

"நான் கேட்டேனா?"

"படுதாவும் கேக்கலை."

ஷோபனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதுகே சொன்னது. உத்திராபதி திரும்பிக் கடைக்கு நடந்தார். துரைராசு சொன்னபடி கண்ணைச் சிமிட்டினான். கருவி உடனே பச்சையைக் காட்டியது. அதுவும் உத்திராபதிக்கு உறுத்தியது.

குந்தவை நிம்மதியாக மூச்சுவிட்டு, அடுத்ததைக் கேட்டாள். "ஃபேமிலி பிளான்ல ஒருத்தர் மெயின் நம்பருங்கய்யா. மத்த நம்பரெல்லாம் அதுக்குக் கீழ வரும். பில்லு மெயின் பேர்லதான். யாரை மெயினாப் போடறது?"

ஷோபனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

துரைராசு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணனைப் போடும்மா. அண்ணன் இருக்கறப்ப நான் எப்படி?"

அன்று கோயில் வாசலில் வந்திருக்க வேண்டிய வார்த்தை. இவ்வளவு காலம் எங்கே கிடந்துவிட்டு, இந்தப் போன் கடையில் வந்து நிற்கிறது. உள்ளே எழுந்தது கோபமா இல்லையா என்று உத்திராபதிக்கே பிடிபடவில்லை.

"அப்படிப் போட முடியாதுங்கய்யா," என்றாள் குந்தவை. "நம்பர் இவரு பேர்ல இருக்கு, இவருக்கு ஏற்கெனவே எங்ககிட்ட பில் பிளான் ஓடுது. இவருதான் மெயினா வருவாரு. உங்களைப் போடணும்னா முதல்ல பேர் மாத்தணும், ஒரு வாரம் ஆகும். இந்த ஆஃபரும் இருக்காது."

துரைராசு உடனே, "அப்ப வேணாம்மா. பேரையே மாத்திக் குடுத்துடறேன். எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றான்.

"இரு," என்றார் உத்திராபதி. தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை. "நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லலை. ஏன் வெட்டலை?"

துரைராசு புருவத்துத் தூசியைத் தட்டினான். "அப்பா கருமாதிப் பத்திரிகைல அடிச்ச நம்பருங்க அது. அதைப் போய் எப்படி வெட்டறது?"

உத்திராபதி அந்தப் பத்திரிகையை நினைத்துப் பார்த்தார். கறுப்புக் கட்டம், அப்பாவின் படம், கீழே இரண்டு மகன்களின் பெயர், அதற்கும் கீழே ஒரே ஒரு நம்பர். இவனும் அந்த வீட்டைத்தான் காவல் காத்திருக்கிறான், வேறு வாசலில் நின்று.

மழையின் முதல் சொட்டு கடையின் தகரத்தில் விழுந்தது.

"தம்பி பேர்லயே போடும்மா," என்றார் குந்தவையிடம். "என் நம்பர் கீழயே இருக்கட்டும். நாளைக்கு மெசேஜ் வரணும், அவ்வளவுதான்."

குந்தவை தட்டினாள். துரைராசு கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தான். சிம்மைப் போட்டு, போனை மூடி அவள் உத்திராபதியின் கையில் கொடுத்தபோது திரையில் இன்னும் ஒரு கோடும் எழவில்லை. "கொஞ்ச நேரத்துல வந்துடுங்கய்யா," என்றாள். அவர் அதைப் பையில் போட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார்.

வெளியே காற்று பலமாகியிருந்தது. தூறல் சாய்ந்து விழுந்தது.

"உன் படுதா இந்தக் காத்துக்கு நிக்குமா?"

"கல்லு வச்சிருக்கேன்."

"மேல்பக்கம் வச்சியா? காத்து மேற்கேருந்துல்ல வருது."

"சுத்தி வச்சிருக்கேன். சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துக்குங்க."

துரைராசு பைக்கில் ஏறி உட்கார்ந்தான். பஸ் வர நேரம் இருந்தது. உத்திராபதி துரைராசுவின் பைக்கை ஒரு தரம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கடைத்தெரு முழுக்கப் பார்க்கத் தம்பியின் பின்னால் ஏறி, யார் தோளையும் பிடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கை சட்டைப் பையின்மேல் இருந்தது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே," என்றார். "மேல்பக்கக் கல்லு போயிடும். வேகமாப் போ."