டெஸ் மரியாதையாகப் பேசியபோது

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகருக்குப் படிக்க வந்த முதல் மாதம், என் ஆங்கிலத்தை வைத்து ஒரு டீ கூட வாங்க முடியவில்லை. காத்மாண்டுவில் ஆங்கிலத் தேர்வில் பேர் வாங்கியவனாம் நான்! துறைமுகத்து மீன்கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்த அன்று, மீன் பொரிக்கிற டெஸ் என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏங்க என்னைத் திட்டுறீங்க?" என்றேன்.

"அட மரமண்டை! இங்க பிடிச்சவங்களத்தான்டா திட்டுவோம். யாராவது மரியாதையாப் பேசினா, அப்போ பயப்படு."

அவள்தான் எனக்கு வாத்தியார். பிற்பகல் என்றால் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் என்றால் 'சர்வோ'. நிஸ்சல் என்ற என் பெயரை அவள் சொன்னதே இல்லை. சோம்பேறி, எருமை, ஒல்லிக்குச்சி, இவைதான். நானும் திருப்பிக் கொடுக்கப் பழகினேன். இரண்டாவது குளிர்காலத்தில் காதலர்களாக ஒரே வீட்டுக்குக் குடிபோனோம். "எந்திரிடா எருமை" என்று அவள் எழுப்பாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது.

பதிலுக்கு அவள் என்னிடம் நேபாளி கற்றுக்கொண்டாள். என் அம்மாவோடு பேசவாம். தசைன் பண்டிகையன்று வீடியோவில் அம்மா வந்தபோது, தலை சீவி, பொட்டு வைத்து, ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வணக்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"கூட வேலை பாக்குற பொண்ணும்மா. சும்மா வந்திருக்கா."

என் நாக்கு அழுகிப் போகட்டும். டெஸ்ஸுக்குப் புரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பயம், வேறென்ன. அவள் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

சண்டை வரும் என்று காத்திருந்தேன்.

"டீ போட்டிருக்கேன். உங்களுக்கு வேணுமா?"

"டெஸ், தப்பு என்னோடதுதான். திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு."

"பரவாயில்லைங்க. உங்க நிலைமை புரியுது."

வாரக் கடைசியில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் பேசாமல் இருந்த அம்மா, நாலாம் நாள், "சரி, அந்தப் பொண்ணைக் காட்டு" என்றாள். கடைக்கு ஓடினேன்.

"டெஸ்! அம்மா உன்னைப் பாக்கணுமாம்!"

"ரொம்ப சந்தோஷம். நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

எனக்கு வெறி பிடித்தது. அவள் சொல்லிக்கொடுத்ததிலேயே மகா மோசமான வசவை எடுத்து, அடுக்களையே அதிரும்படி அவளைத் திட்டினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'எருமை' வந்தால் போதும், காலில் விழுந்திருப்பேன்.

அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நிஸ்சல், அந்த உருளைக்கிழங்குப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள்.