சாருக்குத் தேய்த்த எண்ணெய்

வல்லிநாயகத்தின் லெக் பிரேக்கை விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பிடித்தவன் நான், டீமுக்குக் கேப்டனும் நான்தான். அதனால் சொல்கிறேன், தென்காசியில் அப்படி ஒரு பந்து வேறு யாருக்கும் வராது. முதல் இரண்டு விரலும் தையலுக்குக் குறுக்கே கிடக்கும். மோதிர விரல் மடங்கித் தையலை அழுத்திக்கொண்டு நிற்கும். விடும்போது மணிக்கட்டு திரும்ப, அந்த மோதிர விரல்தான் பந்தைச் சுண்டும். ஆடுகளத்தில் விரித்த கயிற்றுப் பாயில் விழுந்ததும் பந்து வெட்டிக்கொண்டு வெளியே ஓடும்.

அறுபத்திரண்டு ஆனியில் ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கப் பாளையங்கோட்டையிலிருந்து சேக் தாவூது சார் வந்திருந்தார். காலியாக இருந்தது ஒரே இடம், அதுவும் சுழல் பந்து போடுகிறவனுக்கு. இவன் பேசாமல் வந்து பந்து போட்டிருக்கலாம். கேட்டானா? மேட்ச் அன்று காலையில் சாரைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சீசன் கூட்டத்தில் எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவரும் சும்மா இல்லை. "நீங்க உக்காருங்க சார், நானே தேய்க்கேன்" என்று அந்தக் கூறுகெட்டவன் அரைப் படி நல்லெண்ணெயைச் சார் முதுகில் தேய்த்திருக்கிறான்.

"ஏலே, உனக்கு என்ன கேடு?" என்றேன்.

"சார் மனசு குளுந்திருக்கும்லா" என்று சிரித்தான்.

முதல் பந்திலேயே சிரிப்பு போயிற்று. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை எண்ணெய் விடவில்லை. மோதிர விரல் தையலில் வழுக்க, சுண்ட வேண்டிய பந்து கழன்று தரையைத் தொடாமல் மட்டைக்கே போனது. எதிரே மட்டை பிடித்த செங்கோட்டைக்காரன் விளாசித் தள்ளினான். வல்லிநாயகம் மண்ணை அள்ளித் தேய்த்தான், கால்சட்டையில் துடைத்தான், ஒன்றும் பலிக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் ஊளையிட்டார்கள். மூன்றாவது ஓவரோடு பந்தை அவனிடமிருந்து வாங்கிவிட்டேன். எனக்கே மானம் போயிற்று.

மேட்ச் முடிந்ததும் சார் அவனைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் வேண்டாம்டே. பந்து உன் கையில நிக்க மாட்டேங்கு."

"அந்த எண்ணெய் சார்..." என்று நான் வாயெடுத்தேன். வல்லிநாயகம் என் கையைப் பிடித்து அமுக்கினான். காக்கா பிடிக்கப் போய்க் கெட்டான் என்று ஊருக்கே தெரிய வேண்டுமா?

சார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாயங்காலம் இன்னொரு குளி போடணும். நீயும் வா. நீ எண்ணெய் நல்லாத் தேய்க்கிறடே."

"சரி சார்" என்றான் வல்லிநாயகம், தலையைத் தூக்காமல்.

அவன் மூஞ்சியைப் பார்க்க வெட்கப்பட்டு, நாங்கள் பத்துப் பேரும் பாயைச் சுருட்டப் போனோம்.