கைதட்டலுக்குத் திரும்பாத முகம்

எனக்கு முகமூடிகளைக் கண்டால் ஆகாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருப்பதாலா, அந்த ஓட்டைக்குப் பின்னால் யாராவது இருந்துவிடலாம் என்பதாலா, தெரியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கண்டுபிடித்தவர் என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, புருவத்தில் மாவோடு காலையில் வீடு திரும்புவார். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்தே கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து என்னைத் திடுக்கிட வைப்பதை இன்னொரு வேலையாக வைத்திருந்தார். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கடந்து போய்விடுவேன்.

"பயந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாப்பிள்ளை, அன்னிக்கே விட்டுடறேன்" என்பார்.

நான் சொன்னதில்லை.

அன்று என் மனைவியும் மச்சானின் மனைவியும் தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போயிருந்தார்கள். லேசில் முடிகிற காரியமில்லை. நாங்கள் கடை வாசலில் நின்றிருந்தோம். மழை வேறு. எதிரே இருந்த அருங்காட்சியகத்தில் ஒதுங்கலாம் என்றார் மச்சான், பலகையில் 'திருவிழா முகமூடிகள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே. தூக்கம் சொக்கிய கண்ணிலும் விஷமம் தெரிந்தது.

உள்ளே மெழுகு பூசிய மரத் தரை. செருப்பை வாசலில் விட வேண்டும். மச்சானின் செருப்பில் வார் அறுந்து, கம்பி போட்டு முறுக்கியிருந்தது. அடுத்தவர் காலில் குத்திவிடும் என்று அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

முதல் அறையில் சுவர் முழுக்க முகங்கள். கொம்பு, குதிரைமுடி, கோணிய வாய். மச்சான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார். பல் துருத்தியது அவர் முதலாளியாம். தாடை தொங்கியது என் மாமனாராம், அதாவது அவரைப் பெற்ற அப்பா. சிரிக்க வேண்டிய இடம்தான். நான் தரையைப் பார்த்தே நடந்தேன்.

உள் அறை இன்னும் மோசம். ஆட்டத்துக்குத் தங்கள் முறை வரக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களைப் போல, வைக்கோல் அடைத்த உருவங்களை நீள பெஞ்சில் உட்கார்த்தியிருந்தார்கள். தரை வரை அங்கி, மேலே முகமூடி. நடுவில் ஓர் இடம் காலி. வருகிறவர்கள் அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். மச்சான், கடிக்காது வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் முன்கூடத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். எனக்காகத்தான் அங்கே காத்திருப்பார் என்று தெரியும். போவதில்லை என்று நானும் தீர்மானமாக இருந்தேன். பேசாமல் உட்கார்ந்திருப்பதில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது.

மழை குறையும் நேரத்தில் காப்பாளர் வந்தார். மரத்தில் பூச்சி விழுந்திருக்கிறது, உள் அறைக்கு மருந்து வைத்து மூடியாயிற்று, கிளம்பலாம் என்றார். மச்சானைப் பற்றிக் கேட்டேன். அங்கே யாரும் இல்லை, முன்னாடியே போயிருப்பார் என்றார். எப்படித் தெரியும் என்றேன்.

"வாசல்ல நின்னு கை தட்டுவேன் சார். திரும்பிப் பார்த்தா மனுஷன். இத்தனை வருஷமா அப்படித்தான்."

அலுத்துப்போய் தையல் கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டக் குனிந்தேன். ஓரத்தில் கம்பி முறுக்கிய செருப்பு அப்படியே இருந்தது.

ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றவர். அங்கிக்குள் கதகதப்பு, முகமூடிக்குள் இருட்டு. என்னைப் பயமுறுத்தக் காத்திருந்தவர் தூங்கிப்போயிருக்கிறார்.

ஓடினேன். மருந்து வைக்கும் ஆள் ரப்பர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கதவிடுக்கில் அகலமான டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அழுகிய மீன் வாடை வந்தால் அதற்குமேல் உள்ளே நிற்கக்கூடாது என்று அவர் சொல்லச் சொல்லவே டேப்பைப் பிய்த்தேன். அவர் முகமூடியை இறக்கி மாட்டுவதற்குள் நான் உள்ளே இருந்தேன்.

விளக்கை அணைத்திருந்தார்கள். கதவு வழியாக வந்த வெளிச்சம் பெஞ்சின் காலைத் தொட்டதோடு நின்றுவிட்டது. மச்சான் என்று கூப்பிட்டேன். பிறகு கை தட்டினேன். ஒரு முகமும் திரும்பவில்லை. அமைதி எனக்குப் பிடித்த விஷயம். அந்த அறையில் இருந்தது வேறு ஏதோ.

மூச்சை அடக்கிக்கொண்டு, முதல் முகமூடியின் தாடைக்கு அடியில் கையை விட்டேன். வைக்கோல். நகத்தில் குத்தியது. அடுத்ததும் வைக்கோல். நீங்க எங்க இருந்தீங்க என்று என் மனைவி கேட்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். லேசாக ஒரு வாடை மூக்கில் ஏறியது. அடுத்த முகமூடிக்குள் கை போனது.

மரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது.

அங்கியோடு சேர்த்து இழுத்தேன். மருந்துக்காரர் வந்து காலைப் பிடித்தார். வாசல் படியில், சாரலில் கிடத்தினோம். தலை ஒரு பக்கம் தொங்கியது. கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். காப்பாளருக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், மச்சானின் காதருகே மண்டியிட்டுக் கை தட்டினார். மறுபடி தட்டினார்.

மச்சானின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

இருமினார். குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் வருகிறது, எழுந்திருக்க விடாதீர்கள் என்றார் மருந்துக்காரர். மச்சான் மழையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களா மாப்பிள்ளை?"

"பயந்துட்டேன் மச்சான்."

இத்தனை நாள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவர் சிரிக்கவில்லை. என் கை அவர் சட்டைக் காலரை இன்னும் விடவில்லை என்பதை இருவரும் பார்த்தோம். விரல்களைப் பிரிக்க முயன்றேன், வரவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் தையல் கடை வாசலில் ஒரு குடை விரிந்தது.

"வர்றாங்க" என்றார் மெதுவாக. "முகத்தைத் துடைங்க."