நாலு கம்பிக்கு என்ன வேலை

யஷ்வந்த் பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கல்லூரி இசைக் குழுவின் பீரோவில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. சாதா கிட்டாருக்கு ஒரு வரிசையே நின்றது. டிரம்ஸை ஆசிப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தட்டிக்கொண்டிருந்தான். கீபோர்டு சாய்ப்ரியாவின் சொந்தச் சொத்து. பாட்டு நஞ்சுண்டனுடையது. அவன் மூன்றாம் ஆண்டு மாணவன், தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளை, குழுவின் தலைவன். மைக் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தலைவர் என்பது எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான விதி.

பீரோவிலிருந்து அந்த நீளக் கழுத்து வாத்தியத்தை எடுத்துத் தூசி தட்டிய நஞ்சுண்டன், "இதை வாசிச்சவரு போன வருசமே டிகிரி வாங்கிட்டுப் போயிட்டாருங்க. அதுக்கப்புறம் இது யாருக்கும் ஞாபகம் வரலை" என்றான்.

யஷ்வந்தைப் பிடித்துக்கொண்டது அந்தப் பேச்சுதான். ஒரு வாத்தியம் ஒரு வருஷம் முழுக்க இல்லாமல் போயும் யாருக்கும் தெரியவில்லை என்றால், இருந்தபோது அது என்னதான் செய்துகொண்டிருந்தது?

எல்லோரிடமும் கேட்டான். டிரம்ஸுக்குத் துணை என்றான் ஆசிப். பாட்டுக்குக் கனம் கொடுக்கும் என்றான் நஞ்சுண்டன். எவ்வளவு கனம், எந்த இடத்தில் என்று கேட்டதும் மைக்கைத் துடைக்கப் போய்விட்டான். சாய்ப்ரியா மட்டும் தெளிவாகச் சொன்னாள். "கீபோர்டுல என்ற இடது கை செய்யற வேலைதானுங்க அது." இதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் ஆழமாகக் குத்தியது.

பெரியநாயக்கன்பாளையத்து வீட்டுக்கு வாத்தியம் வந்து சேர்ந்ததும் அப்பா சீனிவாசலு கம்பிகளை எண்ணினார். ஊரில் எல்லாக் கிட்டாருக்கும் ஆறு, இதற்கு நாலு. வீட்டுக்குப் பின்னால் பம்ப்செட் மோட்டார் பட்டறை நடத்துகிறவர். ஒரு நட்டு குறைந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். மீதி இரண்டையும் வாங்கிக்கொண்டு வா என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, படித்த பிள்ளையையே ஏமாற்றுகிறார்கள் என்று பட்டறை ஆட்களிடம் தமிழில் வருத்தப்பட்டார்.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது வாசிப்பவனுக்கே கேட்காது. வாத்தியத்தின் தலையை மர பீரோவின் மேல் அழுத்தி வைத்து வாசித்தால் பீரோவே பாடும் என்று யஷ்வந்த் கண்டுபிடித்தான். பீரோவுக்குள் இருந்த வெள்ளிச் சாமான்களும் சேர்ந்துகொண்டன. அம்மா பத்மாவதி இரண்டு நாள் பொறுத்துவிட்டு, வெள்ளியை வேறு அறைக்கு மாற்றினார். பையனை மாற்றுவதைவிட அது எளிது என்று நினைத்திருக்கலாம்.

பாட்டுகளில் பேஸ் எங்கே இருக்கிறது என்பதை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்களில்தான் கற்றுக்கொண்டான். கடைசி சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். முன்னால் காலி இடம் இருந்தும் தினமும் கடைசிக்குப் போய் உட்காரும் மாணவனைக் கண்டக்டர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அங்கேதான் அவன் முதன்முதலாக பேஸைக் கேட்டான். காதால் அல்ல, உட்காரும் இடத்தால். வீட்டுக்கு வந்து அதையே பீரோவில் தேடி எடுப்பான். விரல் நுனிகளில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது.

கம்பிகளுக்குச் சுருதி வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மெல்லிய கம்பி 'ஜி' என்று சாய்ப்ரியா சொல்லிக்கொடுத்திருந்தாள். அது ஒன்று சரியாக இருந்தால் மற்ற மூன்றையும் அதை வைத்தே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஒன்றை எதை வைத்துச் சரிசெய்வது? ஒரு நாள் காலையில் பட்டறையின் டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தபோது அவன் அந்தக் கம்பியை மீட்டினான். இரண்டு ஒலிகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து காணாமல் போயின. சாய்ப்ரியா முந்தைய நாள்தான் வைத்துக்கொடுத்த சுருதி அது. அன்றிலிருந்து தினமும் காலையில் மோட்டாரோடு சுருதி சேர்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போனான், யாரிடமும் போய் நிற்கவில்லை. எந்த மோட்டாரும் கரண்டின் வேகத்துக்குத்தான் உறுமும். கரண்டுக் கம்பி வழியாக வீட்டுக்கு வீடு ஒரு சுருதிப் பெட்டி வந்துகொண்டிருக்கிறது, நாட்டில் இதைக் கவனித்த ஆள் தான் ஒருவன்தான் என்ற பெருமிதத்தில் ஒரு மாதம் போயிற்று.

கல்லூரி விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது படிப்பு லீவு விட்டார்கள். ஒத்திகை கோட்டைமேட்டில் ஆசிப்பின் மாமா நடத்தும் அத்தர்க் கடையின் மாடி அறைக்கு, சாயங்காலத்துக்கு மாறியது. யஷ்வந்த் சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டாரோடு சுருதி சேர்த்து, பஸ் பிடித்துப் போய் வாசித்தான். முதல் பாட்டிலேயே நஞ்சுண்டன் முகம் சுளித்தான். அடியில் ஏதோ புளிக்கிறது என்றான். சாய்ப்ரியா ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, யஷ்வந்தின் கம்பி இறங்கி இருக்கிறது என்றாள்.

அப்போது யஷ்வந்த் பேசாமல் முறுக்காணியைத் திருகியிருக்கலாம். அவன் செய்தது வேறு. தன் சுருதி தவறவே வழியில்லை என்றும், கீபோர்டைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் என்றும் மிகப் பணிவாகச் சொன்னான். அடுத்த சாயங்காலமும் இதேதான் நடந்தது.

கொங்கு நாட்டில் ஒருவரை வெளியேற்றுவது நுணுக்கமான கலை. நஞ்சுண்டன் டீ வாங்கிக் கொடுத்தான், கொப்புளத்துக்கு மருந்து சொன்னான், வீட்டில் எல்லோரையும் விசாரித்தான். பிறகு, "நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாமுங்க. விழாவுக்கு சாய்ப்ரியா அம்மணியோட இடது கையே போதுமுங்க. ஞாயித்துக்கெழமை கடைசியா ஒருக்கா வாசிச்சுப் பாப்போம், மனசுக்கு ஒரு திருப்தி" என்றான். தன்னை நீக்குகிறார்கள் என்பது யஷ்வந்துக்குப் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகே உறைத்தது.

ஆனால் சாய்ப்ரியாவுக்கு உறுத்தியது வேறு விஷயம். யாரும் அவள் கீபோர்டைக் குறை சொன்னதில்லை. சனிக்கிழமை காலை அவள் கீபோர்டில் பாட்டரி போட்டு எடுத்துக்கொண்டு, அம்மாவோடு பெரியநாயக்கன்பாளையத்துக்கே வந்து இறங்கினாள். அம்மாக்கள் இருவரும் உள்ளே போனார்கள். யஷ்வந்த் ஒரு மோட்டாரை ஓடவிட்டான். சாய்ப்ரியா 'ஜி'யை அழுத்தினாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. கீபோர்டும் சரி, மோட்டாரும் சரி.

"அப்ப கோட்டைமேட்டுல என்ன ஆச்சு?" என்றாள் அவள்.

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரியாதது நன்றாக இருந்தது. பஸ்ஸின் குலுக்கலில் கம்பி தளர்கிறதா என்று வாத்தியத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டி, குண்டும் குழியுமான சந்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சுருதி அசையவில்லை. அத்தர் வாசனையால் இருக்குமோ என்றுகூட யஷ்வந்த் ஒரு யோசனை வைத்திருந்தான். அவள் பார்த்த பார்வையில் அதை வாபஸ் வாங்கினான். உள்ளே அம்மாக்களின் பேச்சு நகையிலிருந்து ஜாதகத்துக்கு நகர்ந்திருந்தது, அதனால் நேரத்துக்குக் குறைவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் சும்மா இன்னொரு தரம் மோட்டாரைப் போட்டார்கள். சாய்ப்ரியா அதே கட்டையை அழுத்தினாள். இரண்டு ஒலிகளும் இப்போது ஒட்டவில்லை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு 'வாவ் வாவ்' என்று விம்மின. கீபோர்டு அங்கேயே இருந்தது. மோட்டார் இறங்கியிருந்தது.

யஷ்வந்த் டெஸ்ட் பெஞ்சின் பலகையைப் பார்த்தான். வோல்டேஜுக்கும் ஆம்பியருக்கும் பக்கத்தில், அவன் பிறந்ததிலிருந்து பார்த்துவரும், ஒருநாளும் படித்துப் பார்க்காத, கரண்டின் வேகத்தைக் காட்டும் பிரீக்வென்சி மீட்டர். காலையில் எங்கே நின்றிருந்தது என்று அவன் கவனிக்கவில்லை. இப்போது முள், நிற்க வேண்டிய ஐம்பதுக்குக் கீழே நன்றாகவே சாய்ந்திருந்தது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்கும் மோட்டாரும் போட்டு இழுத்தால் கரண்டின் வேகம் தளரும். அதோடு உறுமலும் இறங்கும். யஷ்வந்தின் காது அந்த இறக்கத்தை நூல் பிடித்தாற்போலப் பின்தொடர்ந்து, தினமும் கோட்டைமேட்டுக்குச் சுமந்து போயிருக்கிறது.

எட்டிப் பார்த்த சீனிவாசலு, மோட்டாரில்தான் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கலவரப்பட்டார். "மோட்டாரு நம்முளுதுங்க அம்மணி, கரண்டு நம்முளுது இல்லீங்க" என்று சாய்ப்ரியாவிடம் விளக்கம் சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாய்ப்ரியா இதை நஞ்சுண்டனிடம் சொன்னாள். யஷ்வந்தின் காதில் பழுது இல்லை, சரியான காதைத் தவறான இடத்தில் வைத்திருந்தார் என்றாள். நஞ்சுண்டன் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டான். அப்புறம் அந்தப் பழைய கேள்வியைத் தூக்கிப் போட்டான். காது நல்ல காதாகவே இருக்கட்டும், வாத்தியம் எதற்கு? இடது கை இருக்கிறதே.

விழாவுக்காக அவனே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று இருந்தது. மழை வரப்போகிறது என்று துள்ளுகிற பாட்டு. முதலில் சாய்ப்ரியா இரண்டு கையாலும் வாசிக்க, ஒரு தரம் பாடினான். பிறகு அவள் இடது கையை மடியில் வைத்துக்கொள்ள, யஷ்வந்த் கீபோர்டோடு சுருதி சேர்த்துக்கொண்டு வாசித்தான். தவறில்லாமல்தான் வாசித்தான். நஞ்சுண்டன் முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆசிப் அனுதாபமாகத் தட்டினான். மடியில் கிடந்த இடது கை, லீவில் வந்த உத்தியோகஸ்தர் போல, எப்போது வேண்டுமானாலும் வேலைக்குத் திரும்பத் தயாராக இருந்தது.

பல்லவியின் கடைசியில் "மழை வரும்" என்று நஞ்சுண்டன் நீளமாக நிறுத்துகிற இடம். யஷ்வந்தின் விரல் வாத்தியக் கழுத்தின் மூன்றாவது கட்டத்தில் அழுந்தியிருக்க வேண்டும். கொப்புளம் உடைந்து விரல் வழுக்கியது. அழுத்தம் விட்ட கம்பி வெறுமனே ஒலித்தது, தாழ்வாக.

நஞ்சுண்டனின் குரல் நின்ற இடத்திலேயேதான் நின்றது. ஆனால் அந்த வரி, மழை வராது என்று தெரிந்த ஒருவன் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தச் சொல்வதுபோல ஆகிவிட்டது. அவன் பாட்டை நிறுத்திவிட்டுக் கீபோர்டுப் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்க அம்மணி, அங்க எதுக்குங்க சோகத்தைப் போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலீங்க. என்ற கை இங்கயேதான் இருக்குது." அவள் விரல்கள் அதே மூன்று கட்டைகளை அழுத்தியபடி இருந்தன.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்த யஷ்வந்த், கேட்கவில்லை. விரலை மூன்றாவது கட்டத்தில் வைத்து மீட்டினான். கீபோர்டு சிரித்தது. விரலை எடுத்து மீட்டினான். சாய்ப்ரியா அசையவே இல்லை, கீபோர்டின் முகம் வாடியது. வைத்தான், எடுத்தான். நஞ்சுண்டன் முதலில் கீபோர்டையும், பிறகு தன் தொண்டையையும் சந்தேகித்துவிட்டு, கடைசியாக யஷ்வந்தின் விரலுக்கு வந்து சேர்ந்தான்.

"இதை என்ற இடது கையும் செய்யுமுங்க," என்றாள் சாய்ப்ரியா. "ஆனா அது தப்புப் பண்ணாது. அதனால எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு." சொல்லிவிட்டு இடது கையை மடியிலிருந்து எடுத்து, கீபோர்டின் மேல்பக்கம் வேறு வேலை தேட வைத்தாள்.

நஞ்சுண்டன் அந்த வரியை வாய்க்குள் ஒரு தரம் பாடிப் பார்த்தான். பிறகு தலைவனுக்குரிய குரலில், "மொதத் தடவை சந்தோசமா இருக்கட்டுமுங்க. ரெண்டாந் தடவை அதே வரி வர்றப்ப மட்டும் வெரலை எடுத்துருங்க. விழா அன்னிக்கும் அப்பிடியே" என்றான்.

விழா என்று அவன் சொன்னது யஷ்வந்தின் காதில் பாதிதான் விழுந்தது. அவன் பக்கத்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வெச்சா என்ன ஆகுமுங்க?" என்றான்.

யாருக்கும் தெரியவில்லை. சாய்ப்ரியா மூன்று கட்டைகளையும் மறுபடி அழுத்திப் பிடித்தாள். ஆசிப் குச்சிகளை உயர்த்தினான். தன் பாட்டு இப்போது என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல், நஞ்சுண்டன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.